பழைய வள்ளத்துக்கு இரண்டு புது இன்ஜின்: பின்பலகையில் தொடங்கிய வேலை

எங்கள் வள்ளத்துக்கு இந்த வருடம் இரண்டு அவுட்போர்டு இன்ஜின் புதிதாக மாட்டினோம். கடைக்குப் போய்ப் பணத்தைக் கொடுத்து இரண்டு பெட்டியைத் தூக்கி வருகிற வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். கடைசியில் அது ஆனி, ஆடி இரண்டு மாதத்தையும் தின்றது. இன்ஜினைத் தாங்குகிற பின்பலகையைப் பிரித்துக் கட்டினோம், ஐஸ் பெட்டியை இடம் மாற்றினோம், எரிபொருள் போகிற எண்ணெய்க் குழாய் முழுவதையும் தூக்கிப் போட்டுப் புதிதாக இழுத்தோம். பழைய வள்ளம் வைத்திருப்பவர்கள் புது இன்ஜின் வாங்கும் முன் இதைப் படித்தால் சில நாளாவது மிச்சமாகும் என்பதால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

வள்ளம் 2006-ல் கட்டியது. சுனாமிக்குப் பிறகு எங்கள் கடற்கரை முழுக்க பைபர் வள்ளங்களாக வந்து இறங்கிய காலம் அது. நீளம் 30 அடி, தண்ணீரைத் தொடுகிற நீளம் 27 அடி இருக்கும். குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடைப்பட்ட ஊர் எங்களுடையது. கணவாய் மீன் கிடைக்கிற நாளில் தூண்டில், மற்ற நாளில் செவுள் வலை. ஐந்து பேர் போவோம். ஆள், வலை, ஐஸ், எண்ணெய் எல்லாம் ஏறினால் மூன்று டன்னுக்குப் பக்கத்தில் வரும். கட்டும்போது ஒரே ஒரு 9.9 எச்பி இன்ஜினுக்குத்தான் கட்டினார்கள், இரண்டாவது இன்ஜின் நாலைந்து வருடம் கழித்து அப்பா பழையதாக வாங்கிச் சேர்த்தது. இரண்டும் டூ ஸ்ட்ரோக், மண்ணெண்ணெயில் ஓடுபவை.

போன மாசி மாதம், கரையிலிருந்து பதினோரு நாட்டிகல் மைல் வெளியே, விடியற்காலை நாலரை மணிக்கு வலது இன்ஜின் இருமி நின்றது. சரி, இடது இருக்கிறதே என்று அதில் திரும்பினோம். இருபது நிமிடத்தில் அதுவும் நின்றது. கயிறு இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுவிடும் போல ஆனபிறகுதான் கேனைக் கவிழ்த்துப் பார்த்தோம். அடியில் ஒரு டம்ளர் அளவுக்குத் தண்ணீர். இரண்டு இன்ஜினுக்கும் ஒரே கேனிலிருந்து ஒரு குழாய் போய், நடுவில் டி போல பிரிந்துதான் எண்ணெய் ஏறியது. கச்சான் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டிருந்தது. பக்கத்து ஊர் வள்ளம் ஒன்று எங்களைப் பார்த்து வந்து கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. துறைமுக வாயில் அலை உடைகிற இடத்தில் நாங்கள் இன்ஜின் இல்லாமல் கயிற்றின் முனையில் ஆடிக்கொண்டு வந்த அந்தப் பத்து நிமிடம் இப்போதும் எனக்குத் தூக்கத்தில் வருகிறது.

கரை ஏறியபிறகு அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "ரெண்டு இன்ஜின் இருந்து என்ன மக்கா, வயிறு ஒண்ணுதானே."

எனக்கு அதுவரை இரண்டு இன்ஜின் என்றால் இரண்டு மடங்கு வேகம் என்கிற எண்ணம்தான். அப்பாவுக்கு அப்படி இல்லை. 2017 நவம்பர் 30-ல் ஓகி புயல் வந்தபோது எங்கள் கடற்கரையிலிருந்து போனவர்களில் எத்தனை பேர் திரும்பவில்லை என்பதை இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அவர் இன்ஜினைப் பார்ப்பதே வேறு மாதிரி. இரண்டாவது இன்ஜின் போவதற்கு இல்லை, வருவதற்கு. அதனால் தேர்வு செய்ய உட்காரும்போது நாங்கள் வைத்த முதல் கேள்வியே மாறிவிட்டது: முழுச் சுமையோடு, எதிர்க்காற்றில், ஒற்றை இன்ஜின் மட்டும் இந்த வள்ளத்தைக் கரை சேர்க்குமா? இதற்கு ஆம் என்று சொல்லாத எதையும் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தோம்.

கடையில் எங்களுக்குக் காட்டிய வழிகள் மூன்று. ஒரு 40 எச்பியும் துணைக்கு ஒரு 9.9-ம். இரண்டு 25. அல்லது இரண்டு 9.9. உள்ளே வைக்கிற டீசல் இன்ஜினையும் ஒருவர் சொன்னார், ஆனால் அதற்கு அடித்தளமே வேறு மாதிரி கட்ட வேண்டும். பதினெட்டு வயதைத் தாண்டிய வள்ளத்துக்கு அது வேண்டாம் என்று அங்கேயே விட்டுவிட்டோம்.

40-ம் 9.9-ம் சேர்ந்த ஜோடி பார்க்கக் கம்பீரமாக இருக்கும். யமஹா என்டியூரோ 40 என்பது 703 சிசி டூ ஸ்ட்ரோக், எடை 70 கிலோவுக்கு மேல், அடி தாங்கும், எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார். ஆனால் பெரியது நின்றால் சின்னதில் வர வேண்டும் என்கிறபோது அந்தச் சின்னது மாதக் கணக்கில் ஓடாமல் உப்புக் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். தேவைப்படுகிற அன்றைக்குத்தான் கார்புரேட்டர் அடைத்திருப்பது தெரியும். பிளக் வேறு, இம்பெல்லர் வேறு, ப்ரொப்பல்லர் வேறு, ஒன்றுக்கு ஆயில் கலந்த எண்ணெய், இன்னொன்றுக்குக் கலக்காதது. ஒரே மாதிரி இரண்டு இன்ஜின் என்றால் ஒரு செட் ஸ்பேர் போதும், அதைவிட முக்கியம், இரண்டும் தினமும் ஓடும்.

இரண்டு 25 என்பதுதான் என் ஆசை. மச்சான் எனக்குப் பக்கபலம். அப்பா எதிர்க்கவில்லை, கணக்குப் போட்டுப் பார் என்று மட்டும் சொன்னார். போட்டேன். தண்ணீரைப் பிளந்து போகிற ஓடத்துக்கு ஒரு இயல்பான வேகம் உண்டு: நீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் நாட் (மணிக்கு ஒரு நாட்டிகல் மைல்) கணக்கில் வரும். 27-க்கு வர்க்கமூலம் 5.2, பெருக்கினால் 7 நாட். எங்கள் வள்ளம் ஒடுக்கமானது என்பதால் அதற்குக் கொஞ்சம் மேலே போகும். ஆனால் அந்த எல்லையைத் தாண்டி வேகம் கூட்ட வேண்டுமென்றால் எச்பி கண்டபடி ஏற வேண்டும். 7-லிருந்து 9 நாட்டுக்குப் போகவே இரண்டு மடங்குக்கு மேல் சக்தி வேண்டும், சுமையோடு இருக்கிற கனத்த ஓடத்துக்கு அதற்கும் மேலே. எங்கள் பங்குக்கு 9 நாட்டில் போய் என்ன ஆகப் போகிறது? ஏலத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னே வரலாம். அதற்காகப் பாதி வரும்படியை எண்ணெயில் ஊற்ற முடியாது. சூரைக்கும் நெய்மீனுக்கும் தூரம் போய் மீன் கெடும் முன் ஓடி வர வேண்டிய வள்ளங்களுக்கு 25 நியாயம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. எங்களுக்கு அந்தத் தொழில் இல்லை.

மூன்று டன் ஓடத்துக்கு டன்னுக்கு மூன்று, நாலு எச்பி இருந்தால் நிதான வேகத்தில் போய்விடும் என்பது ஓடம் கட்டுகிறவர்கள் வைத்திருக்கும் மோட்டாக் கணக்கு. அப்படியென்றால் 9.9 ஒன்று மட்டும் ஓடினாலே கரை வரலாம். இரண்டு ஓடினால் இயல்பு வேகத்தை எட்டலாம். எங்கள் கேள்விக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

அப்புறம் மண்ணெண்ணெயா பெட்ரோலா. மண்ணெண்ணெய் இன்ஜினில் எனக்குப் பாசம் உண்டு, சிறுவயதிலிருந்து அந்த வாசனையில்தான் வளர்ந்தேன். ஆனால் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து சூடானபிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும், நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி கார்புரேட்டரைக் கழுவிவிட வேண்டும். இதை மறந்தால் மறுநாள் காலையில் கயிறு இழுத்தே சாக வேண்டும். மண்ணெண்ணெயில் சக்தியும் குறையும், பிளக் சீக்கிரம் கரி பிடிக்கும். மண்ணெண்ணெய் கிடைப்பதும் ஒரு வாரம் போல் மறுவாரம் இல்லை. டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் என்றால் ஐம்பதுக்கு ஒன்று ஆயில், அதாவது 25 லிட்டருக்கு அரை லிட்டர், அந்தச் செலவு தினமும் இருக்கும். கடைசியில் நாலு ஸ்ட்ரோக் பெட்ரோல் என்று முடிவு செய்தோம். எண்ணெய்ச் செலவு தெளிவாகக் குறைகிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் சத்தம். பழைய இரண்டும் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது, அப்பாவுக்கு வலது காது போனது அதனால்தான் என்று நான் நம்புகிறேன்.

9.9 என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே எல்லாம் ஒன்றல்ல, இதை வாங்குகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். யமஹா எஃப்9.9 நாலு ஸ்ட்ரோக் 212 சிசி. சுசுகி டிஎஃப்9.9பி 327 சிசி, ஃப்யூல் இன்ஜெக்‌ஷன், எடை சுமார் 44 கிலோ. சிசி கூடினால் கீழ்ச் சுற்றிலேயே இழுவை கிடைக்கும், கனத்த ஓடத்துக்கு அதுதான் வேண்டும். இன்னொரு வழியும் உண்டு: யமஹாவிலேயே டி9.9 என்று உயர் இழுவை மாதிரி இருக்கிறது, அதன் கியர் விகிதம் 2.92-க்கு 1, சாதா எஃப்9.9-ல் 2.08-க்கு 1. அதாவது அதே இன்ஜின், ஆனால் ப்ரொப்பல்லர் மெதுவாகச் சுற்றும், பெரிய ப்ரொப்பல்லரைப் போடலாம், மாட்டு வண்டி போல இழுக்கும். எனக்கு அதன் மேல் ஒரு கண் இருந்தது, நாங்கள் போன அன்று எங்கள் பக்கத்துக் கடைகளில் கையிருப்பில் இல்லை. காத்திருக்க நேரமில்லாததால் 327 சிசி உள்ளதையே, நீள ஷாஃப்டில் (கீழே இறங்குகிற தண்டு நீளமானது), இரண்டு எடுத்தோம்.

இனிதான் உண்மையான வேலை.

முன்பணம் கட்டிவிட்டு வந்த அன்று மச்சான் வள்ளத்தின் அமரத்தில், அதாவது பின்பக்கத்தில், உட்கார்ந்து பின்பலகையைச் சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே வந்தார். பைபர் வேலை அவருக்குத் தொழில். ஓரத்தில் டக் டக் என்று கேட்ட சத்தம் நடுவுக்கு வந்ததும் தொப் தொப் என்று மாறியது. பழைய இன்ஜினின் அடிப்பகுதியைப் பிடித்து நான் முன்னும் பின்னும் ஆட்ட, பின்பலகை விரல் கனத்துக்கு அசைந்தது. உள்பக்கமாக 6 மில்லி துளை நாலு போட்டோம். மேலே இரண்டில் காய்ந்த மரத்தூள் வந்தது. கீழே இரண்டில் கறுப்பாக, ஈரமாக, புளித்த வாசனையோடு வந்தது. இரண்டாவது இன்ஜினுக்குப் போட்ட போல்ட் துளைகளை அன்றைக்கு யாரும் அடைக்கவில்லை, அது வழியாகப் பத்து வருடத்துக்கு மேலாகத் தண்ணீர் உள்ளே குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. வெளியே பார்த்தால் வர்ணம் பளபளவென்று இருந்தது. இப்படியே புது இன்ஜினை மாட்டியிருந்தால் என்றாவது ஒரு நாள் அலையில் இன்ஜினோடு பலகையும் போயிருக்கும்.

மரத்தை மூடியிருக்கிற பைபரில் உள்தோலை மட்டும் கிரைண்டரால் வெட்டி எடுத்தோம், வெளித்தோலை அப்படியே விட்டோம், அதனால் வடிவம் மாறவில்லை. அழுகிய மரத்தை உளியால் சுரண்டி எடுக்கவே இரண்டு நாள். காய வைக்க ஆறு நாள், ஆனி மழையில் மேலே தார்ப்பாய் கட்டி உள்ளே மின்விசிறி வைத்தோம். புதுப் பலகைக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் 18 மில்லியில் இரண்டு அடுக்கு, மொத்தம் 36 மில்லி. சாதா பிளைவுட்டுக்கும் இதற்கும் விலை வித்தியாசத்தைப் பார்த்து யாரும் இந்த இடத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம். விளிம்புகளில் ரெசினைக் குடிக்கக் குடிக்கப் பூசினோம், பிளைவுட் தண்ணீர் குடிப்பதே விளிம்பு வழியாகத்தான். வெளித்தோலுக்கும் பலகைக்கும் நடுவே ரெசினும் தூளும் கலந்த பசை, அதன் மேல் கட்டை வைத்துக் கிளாம்பால் நெருக்கினோம். பசை ஓரமெல்லாம் பிதுங்கி வர வேண்டும், வராத இடத்தில் உள்ளே காற்று நிற்கிறது என்று அர்த்தம்.

அதற்கு மேல் கண்ணாடி இழையில் 450 கிராம் மேட் (விரிப்பு), 600 கிராம் வோவன் ரோவிங் (நெய்த துணி), மறுபடி மேட் என்று மாற்றி மாற்றி ஐந்து அடுக்கு, பக்கச் சுவர்களில் எட்டு அங்குலம் ஏறும்படி. பின்பலகையிலிருந்து அடித்தளத்துக்கு இரண்டு முக்கோண முட்டுப் பலகை கொடுத்தோம், ஒவ்வொரு இன்ஜினுக்கும் நேர் உள்பக்கம் ஒன்று. முட்டு இல்லாமல் பலகை எத்தனை கனமாக இருந்தாலும் ஆடும். ஒரு எச்சரிக்கை: பாலியெஸ்டர் ரெசினில் ஆக்சிலரேட்டரை முதலில் கலந்து நன்றாகக் கிண்டிய பிறகுதான் கேட்டலிஸ்ட் ஊற்ற வேண்டும். இரண்டையும் நேரடியாக ஒன்றோடு ஒன்று சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டு பாட்டிலையும் ஒரே பெட்டியில்கூட வைக்காதீர்கள். கிரைண்டர் வேலைக்கு முழுக்கைச் சட்டை, கண்ணாடி, நல்ல மாஸ்க். முதல் நாள் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்து இரவு முழுக்க அரிப்பும் இருமலுமாகக் கிடந்தேன். கூலி சேர்த்து இந்தப் பலகை வேலைக்கு 27,000 ரூபாய் ஆனது.

போல்ட் துளைகளைத் தேவைக்குப் பெரிதாகப் போட்டு, எபாக்சியால் நிரப்பி, இறுகியபிறகு அதன் நடுவே சரியான அளவில் மறுபடி துளையிட்டோம். இனி போல்ட் மரத்தைத் தொடாது, எபாக்சியைத்தான் தொடும். பழைய பலகை அழுகியதற்குக் காரணமே இந்த ஒரு வேலையை விட்டதுதான்.

இன்ஜின்களின் இடம். இரண்டின் மையத்துக்கும் நடுவே 24 அங்குலம் விட்டோம். இரண்டையும் ஒரே நேரத்தில் முழுக்கத் திருப்பினாலும், ஒன்றைத் தூக்கி வைத்து இன்னொன்றைத் திருப்பினாலும் மூடிகள் இடிக்கக் கூடாது. அட்டையில் இன்ஜின் அளவுக்கு வெட்டி, பலகையில் வைத்துத் திருப்பிப் பார்த்துத்தான் குறித்தோம். உயரத்தில்தான் நான் பிசகினேன். நீள ஷாஃப்டுக்குப் பின்பலகை உயரம் 20 அங்குலம், எங்கள் பலகை நடுவில் சரியாக 20. ஆனால் இன்ஜின் நடுவில் இல்லையே, 12 அங்குலம் தள்ளி இருக்கிறது, அங்கே ஓடத்தின் அடி ஒன்றரை அங்குலம் மேலேறிவிடும். நடுவில் அளந்ததை வைத்து மாட்டியதால் இரண்டும் தேவைக்கு மேல் ஆழத்தில் போய், முதல் ஓட்டத்தில் தண்ணீரைப் பின்னால் வாரி இறைத்தன. ப்ரொப்பல்லருக்கு மேலே இருக்கிற தட்டு, அந்த இடத்து அடிப்பகுதிக்குச் சமமாகவோ ஒரு அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும். எங்களுக்கு இரண்டரை அங்குலம் கீழே இருந்தது. ஒன்றரை அங்குலக் கட்டையை இடையில் கொடுத்து உயர்த்தியதும் அடங்கியது. அமைதியான ஏரியில் ஓடுகிற படகு என்றால் இன்னும் கொஞ்சம் உயர்த்தலாம். நமக்கு அமரம் அலையில் தூக்கும், அப்போது ப்ரொப்பல்லர் காற்றைப் பிடித்து வீலென்று கத்தும், அதனால் அந்த ஒரு அங்குல ஆழத்தை வைத்துக்கொண்டோம்.

எடைக்கும் ஒரு கணக்கு. முதலில் கட்டியபோது பின்னால் 36 கிலோ இன்ஜின் ஒன்று. இப்போது 44 கிலோ இரண்டு, கூடுதல் 52 கிலோ. ஓடத்தின் நடுவிலிருந்து அது 14 அடி பின்னால். பெருக்கினால் 728. ஐஸ் பெட்டி நிறைந்தால் 120 கிலோ, அதை ஆறு அடி முன்னால், அணியத்துப் பக்கம், தள்ளினால் 720. சரியாகிவிட்டது. பெட்டியை நகர்த்தியபிறகு நிற்கும்போது அமரம் தாழ்ந்து தண்ணீர் எட்டிப் பார்ப்பது நின்றது. வலை இழுப்பவர்களுக்கு நடக்க இடம் குறைந்தது, அந்தப் புகார் இன்னும் இருக்கிறது.

எண்ணெய் வேலையில் நான் எந்தச் சமாதானத்துக்கும் போகவில்லை. 25 லிட்டர் டேங்க் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் தனிக் குழாய், தனி பல்ப் (எண்ணெயைக் கையால் பிழிந்து ஏற்றுகிற ரப்பர் உருண்டை), தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் தனித்தனி. டி இணைப்பு எங்கேயும் இல்லை. கரையில் பெட்ரோல் பிடிப்பதுகூட ஒரே கேனில் பிடித்து இரண்டிலும் ஊற்றக் கூடாது என்று வைத்திருக்கிறோம். ஒரு டேங்கை முந்தின நாள் மாலை நிரப்புவோம், இன்னொன்றை மறுநாள் காலை வேறு கேனிலிருந்து. இது அதிகப்படி என்று கூட வருகிறவர்கள் சொன்னார்கள். பதினோரு மைல் வெளியே இருந்த அந்த டம்ளர் தண்ணீரை நான் மறக்கவில்லை. ஃபில்டரின் கண்ணாடிக் கிண்ணத்தை தினமும் புறப்படும் முன் டார்ச் அடித்துப் பார்ப்போம். தண்ணீர் இருந்தால் அடியில் குண்டுமணி போல உருண்டு தெரியும்.

ப்ரொப்பல்லர் விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் கரையில் இன்ஜினைப் பற்றி ஆயிரம் பேசுவார்கள், இதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். பிட்ச் என்பது ஒரு சுற்றில் ப்ரொப்பல்லர் எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்கிற கணக்கு. இன்ஜினோடு வந்தது 9 பிட்ச். முழுச் சுமையோடு, அதாவது ஐஸுக்குப் பதிலாக மணல் மூட்டை ஏற்றி, ஐந்து பேரும் ஏறி ஓட்டிப் பார்த்தோம். இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று பார்க்க பிளக் ஒயரில் சுற்றுகிற சின்ன மீட்டர் ஒன்று வாங்கினோம். முதலில் 9000 காட்டி எங்களைப் பயமுறுத்தியது, எங்கள் இன்ஜினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி வருகிறது, மீட்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்று எண்ணியிருக்கிறது, அதற்கேற்ப மாற்றியபிறகு 4500. கையேட்டில் முழு திராட்டிலில் (வேகப்பிடியை முழுக்கத் திறந்தால்) 4700-க்கும் 5700-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. அதற்குக் கீழே இருந்தால் இன்ஜின் திணறுகிறது என்று பொருள், மேட்டில் டாப் கியரில் ஏறுகிற மோட்டார் சைக்கிள் மாதிரி. வலது இன்ஜினைத் தூக்கி வைத்து இடதில் மட்டும் ஓட்டியபோது 4000-ஐத் தாண்டவில்லை. இதுதான் முக்கியமான இடம். இரண்டும் ஓடும்போது சரியாக இருக்கிற ப்ரொப்பல்லர் ஒன்று மட்டும் ஓடும்போது கனமாகிவிடும், காரணம் ஓடம் மெதுவாகப் போகிறது, தண்ணீர் தடுக்கிறது. நமக்கு அவசரத்துக்கு வேண்டியதே அந்த ஒற்றை ஓட்டம்தான்.

ஒரு அங்குலம் பிட்ச் குறைத்தால் 150-லிருந்து 200 சுற்று கூடும் என்று மெக்கானிக் அண்ணன் சொன்னார். 7 பிட்ச் வாங்கி மாட்டினோம். இரண்டும் ஓடும்போது 4900, ஒன்று மட்டும் ஓடும்போது 4400. ஒற்றை ஓட்டத்தில் இன்னும் கொஞ்சம் குறைவுதான், அதனால் அப்போது முக்கால் திராட்டிலுக்கு மேல் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். பழைய 9 பிட்ச் இரண்டையும் விற்கவில்லை, பழுதானால் மாற்றுக்கு வள்ளத்திலேயே இருக்கிறது.

போனில் ஜிபிஎஸ் வைத்துப் பார்த்த வேகம், சுமையோடு: இரண்டும் முழு திராட்டிலில் 7.6 நாட். மணிக்கு ஏழரை லிட்டர், அதாவது மைலுக்கு ஒரு லிட்டர். கொஞ்சம் அடக்கி 6.5 நாட்டில் போனால் மணிக்கு நாலரை லிட்டர், மைலுக்கு 700 மில்லி. அந்த ஒரு நாட் வேகத்துக்கு விலை இவ்வளவு. ஒற்றை இன்ஜினில் 5.4 நாட். நின்ற இன்ஜினைத் தூக்கி வைக்காமல் அப்படியே தண்ணீரில் விட்டால் முக்கால் நாட் குறைகிறது, ஓடமும் ஒரு பக்கம் இழுக்கிறது, அதனால் நின்றதும் முதலில் தூக்கிப் பூட்டுவதுதான் வேலை.

இன்ஜினைத் திருப்புகிற கைப்பிடியான டில்லர் இரண்டையும் ஒரு ஸ்டீல் கம்பியால் இணைத்திருக்கிறோம், ஒருவர் திருப்பினால் இரண்டும் திரும்பும். இரு முனையிலும் ஊக்கு, இழுத்தால் கழன்றுவிடும். கயிறு கட்டுகிற பழக்கம் எங்கள் பக்கம் உண்டு, அவசரத்தில் ஈரமான கயிற்று முடிச்சு அவிழாது, வேண்டாம். இழுபட்டால் இன்ஜினை நிறுத்துகிற சுருள் கயிறு இரண்டையும் ஓட்டுகிறவர் ஒரே கையில் மாட்டிக்கொள்கிறார்.

ஆடிக் கடைசியில் பங்குத்தந்தை வந்து மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார், மறுநாள் இறக்கினோம். முதல் இருபது மணி நேரத்தில் இன்ஜின் ஆயில் மாற்றினோம், அதற்குப் பிறகு நூறு மணிக்கு ஒருமுறை. ஞாயிற்றுக்கிழமை கடல் போவதில்லை என்பதால் சனிக்கிழமை மாலை இரண்டையும் நல்ல தண்ணீரில் கழுவி ஓட்டுகிறேன். இன்ஜினைக் குளிர்வித்துவிட்டுப் பக்கத்தில் சிறுநீர் போல பீய்ச்சி அடிக்கிற தண்ணீர் மெலிந்தால் அன்றைக்கே ஊசி விட்டு அடைப்பு எடுத்துவிட வேண்டும், நம் கரையில் மணல்தான் முதல் எதிரி.

இந்தக் கார்த்திகையில் ஒரு நாள் வலது ப்ரொப்பல்லரில் யாரோ அறுத்துவிட்ட நைலான் நரம்பு சுற்றிக்கொண்டது. இருட்டு, அலை வேறு, கையை விட்டு எடுக்க முடியவில்லை. தூக்கிப் பூட்டிவிட்டு இடதில் மட்டும் திரும்பினோம். ஒன்பது மைல், முக்கால் திராட்டில், ஐந்து நாட்டுக்கும் கொஞ்சம் குறைவு, இரண்டு மணி நேரத்தில் துறைமுக வாய்க்கு வந்தோம், அலைக்கு நேரம் பார்த்து நுழைந்தோம். அப்பா அணியத்தில் உட்கார்ந்து தூண்டில் முள்ளைப் பிரித்துக்கொண்டே வந்தார், ஒருமுறைகூட அமரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கரையில் நரம்பை வெட்டி எடுத்துவிட்டு கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பார்த்தேன், மோர் போல வெளுத்திருந்தது. நரம்பு உள்ளே போனதில், தண்ணீர் புகாமல் தடுக்கிற சீல் அறுந்திருக்கிறது, தண்ணீர் ஏறிவிட்டது. சீல் வாங்கி வைத்திருக்கிறேன், சனிக்கிழமை மெக்கானிக் அண்ணன் வருகிறார். அதுவரை வலது இன்ஜினை ஓட்டுவதில்லை, கடலுக்கும் போவதில்லை, ஒற்றை இன்ஜினோடு புறப்பட அப்பா சம்மதிக்க மாட்டார்.